“ரெட் அலர்ட் விட்டாங்களே, மழை எங்கே?”: ஒரு டீக்கடை வாக்குவாதமும் வானிலையாளரின் பதிலும்

கேள்வி: நாங்கள் கடலூர் பக்கம், தென்பெண்ணைக் கரையோர ஊர். ஓய்வு பெற்றவர்கள் ஆறு பேர் தினமும் காலையில் டீக்கடையில் கூடுவோம். பேப்பரை விரித்தால் பேச்சு மழையில் ஆரம்பித்து அணை, அரசியல், சாமி என்று சுற்றிச் சண்டையில் முடிகிறது. “வானிலைக்காரன் சொன்னா மழை வராது” என்பார் ஒருவர். யாகம் செய்ததால்தான் மழை வந்தது என்பார் இன்னொருவர். புயலே வெளிநாட்டுச் சதி, நாட்டின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்று மூன்றாமவர் வீடியோ காட்டுவார். 2024 ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில், தென்பெண்ணையில் உள்ள சாத்தனூர் அணையை வேண்டுமென்றே திறந்தார்களா இல்லையா என்பதில் இரண்டு கட்சி. போன மாதம் ஒரு நண்பர், வெள்ளத்துக்குக் காரணம் “அவங்க செஞ்ச பாவம்” என்று சொல்லிவிட்டார். எங்களோடு நெடுங்காலமாகப் பழகும் முஸ்லிம் நண்பர் எழுந்து போனவர், இன்னும் கடைப்பக்கம் வரவில்லை. இதில் எது உண்மை? எப்படித்தான் பேசுவது?

பதில்:

ஐயா, உங்கள் கடிதத்தில் ஐந்து தகராறுகள் இருக்கின்றன. அவற்றில் நான்கு, வாய்ச்சண்டையில் தீராதவை. அளந்து பார்த்தால் தீர்ந்துவிடும். ஐந்தாவதைத் தீர்க்க ஒரு ஆள் ஒரு வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் எச்சரிக்கை. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் அடிக்கடி வருகிற மாதிரி ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: “விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கன முதல் மிக கனமழை பெய்யக்கூடும்.” இது டீக்கடைக்கு வந்து சேரும்போது “கடலூர்ல பேய் மழையாம்” என்று ஆகிவிடுகிறது. மறுநாள் உங்கள் தெருவில் தூறலோடு நின்றால் வானிலைக்காரன் பொய்யன். ஆனால் அந்த வரி சொன்னது வேறு. “ஓரிரு இடங்களில்” என்றால் அந்தப் பகுதியில் உள்ள மழைமானிகளில் கால்வாசி வரை. “சில இடங்களில்” என்றால் 26 முதல் 50 சதவீதம். “பல இடங்களில்” என்றால் 51 முதல் 75. அதற்கு மேல் போனால்தான் “பெரும்பாலான இடங்களில்”. ஆகவே ஓரிரு இடங்களில் கனமழை என்று சொல்லி, மாவட்டத்தின் முக்கால் பங்கில் கனமழையே பெய்யாமல் போனாலும் அந்தக் கணிப்பு சரிதான். பண்ருட்டியில் கொட்டி, சிதம்பரம் காய்ந்து கிடக்கலாம்.

அடுத்த சொல் கனமழை. இது பேச்சு வழக்கில் சொல்கிற பலத்த மழை இல்லை, அளவு உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. 204.5 மி.மீ.யைத் தொட்டால் அதி கனமழை. பேப்பரில் இதையே 7 செ.மீ., 12 செ.மீ., 20 செ.மீ.க்கு மேல் என்று போடுவார்கள். அரை மணி நேரம் வெளுத்து வாங்கி 3 செ.மீ. பெய்தால் தெரு முழங்கால் அளவு நிற்கும். கணக்கில் அது மிதமான மழை. இரவெல்லாம் சத்தமில்லாமல் பெய்து காலையில் 9 செ.மீ. சேர்ந்திருந்தால் அது கனமழை. கண்ணும் காதும் இந்த இடத்தில் ஏமாற்றிவிடும்.

அந்த 24 மணி நேரம் எதிலிருந்து எதுவரை என்பதில்தான் பாதிச் சண்டை வருகிறது. காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 வரை ஒரு நாள்; மழை முடிகிற நாளின் தேதிதான் அதற்குப் போடப்படும். 2024 டிசம்பர் 1ஆம் தேதிக் கணக்கில் விழுப்புரம் மாவட்டம் மயிலத்துக்கு 51 செ.மீ. என்று வந்தது. அதில் பெரும்பகுதி நவம்பர் 30 சனிக்கிழமை பகலிலும் இரவிலும் பெய்தது. “ஒண்ணாம் தேதி எங்கய்யா மழை பெஞ்சுது?” என்று ஒருவரும் “பேப்பர்லயே போட்டிருக்கான்” என்று இன்னொருவரும் அடித்துக்கொண்டால், இரண்டு பேர் சொல்வதும் சரி.

நிறங்களுக்கு வருவோம். பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் இறங்கிச் செயல்படு. மழைக்கு இவை ஏறத்தாழ கன, மிக கன, அதி கன என்ற வகைகளோடு பொருந்திப் போகும். ஆனால் நிறம் முதலில் பேசுவது மாவட்ட நிர்வாகத்தோடு. பள்ளிக்கு விடுமுறை விடுவதா, முகாம் திறப்பதா, மோட்டாரும் படகும் எங்கே நிறுத்துவது என்பதற்கான சமிக்ஞை அது. உங்கள் வீட்டு மாடியில் 20 செ.மீ. பெய்யும் என்று யாருக்கும் கொடுத்த வாக்கு இல்லை.

இதைச் சொன்னதும் உங்கள் நண்பர் 2024 அக்டோபரை எடுப்பார். எடுக்கட்டும், நல்ல உதாரணம். அக்டோபர் 15 அன்று சென்னையில் கனமழை பெய்தது. 16ஆம் தேதிக்கும் சிவப்பு எச்சரிக்கை இருந்தது. வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் கார்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். 16 அன்று எதிர்பார்த்த மழை வரவில்லை. தாழ்வு மண்டலம் 17ஆம் தேதி அதிகாலை சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்தது. மழை மேகங்களும் வடக்கே ஒதுங்கிவிட்டன. அன்றைய மழைக் கணிப்பு தவறியது, அதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஏன் தவறுகிறது என்றால், ஒரு புயல் சின்னம் 24 மணி நேரம் கழித்து எங்கே இருக்கும் என்பதில் சராசரிப் பிழையே ஏறக்குறைய 75 கி.மீ. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் 25 கி.மீ. கூட இல்லை. புயல் விலகுகிற அந்த இடைவெளிக்குள் மூன்று ஊர் மழை இடம் மாறிவிடும்.

ஆனால் பெய்யாத எச்சரிக்கையை மட்டும் எண்ணுவது நியாயம் ஆகாது. எச்சரிக்கையைத் தாண்டிப் பெய்ததையும் சேர்த்து எண்ண வேண்டும். 2023 டிசம்பர் 18 காலை முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. அதி கனமழை என்ற வகை 20 செ.மீ.க்கு மேல் என்று தொடங்குகிறது. அதற்கு மேல் வகையே கிடையாது. 21 செ.மீ.க்கும் 95 செ.மீ.க்கும் ஒரே பெயர், ஒரே சிவப்பு. எச்சரிக்கை முறையில் உள்ள மெய்யான ஓட்டை இதுதான். டீக்கடையில் திட்டுவதானால் இதைத் திட்டலாம், பயனுண்டு.

புயலின் வகைப் பெயரை வைத்து மழையை எடைபோடுவதும் உங்கள் மேசையில் நடக்கும் என்று நினைக்கிறேன். தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல், தீவிரப் புயல் என்ற வரிசை காற்றின் வேகத்தை மட்டும் வைத்தது. மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டால் புயல், 89ஐத் தொட்டால் தீவிரப் புயல், 118ஐத் தொட்டால் மிகத் தீவிரப் புயல். மழைக்கு இதில் இடமே இல்லை. 2011 டிசம்பர் 30 அதிகாலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே, காற்றால் அழித்த புயல். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபெஞ்சல் காற்றில் தானேயின் அருகில்கூட வராது. கரையைக் கடந்த பிறகு பல மணி நேரம் புதுச்சேரி அருகிலேயே நகராமல் நின்றது, அதனால் அத்தனை மழை. “சாதாரணப் புயல்தானே” என்று யாராவது சொன்னால், எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று உடனே கேளுங்கள். மெதுவாக நகரும் புயல்தான் மழைக்குப் பயப்பட வேண்டிய புயல்.

கடலூர் துறைமுகத்துக் கூண்டு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 10ஆம் எண் ஏற்றினால் 8ஐவிட மோசம் என்றுதான் பொதுவாக நம்புகிறார்கள். 8, 9, 10 மூன்றும் ஒரே கடுமை, திசை மட்டும்தான் வேறு. துறைமுகம் புயல் பாதைக்கு இடப்பக்கம் இருக்கும் என்றால் 8, வலப்பக்கம் என்றால் 9, புயல் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கும் என்றால் 10. 5, 6, 7ம் இதே ஒழுங்குதான், கடுமை ஒரு படி குறைவு. மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வலப்பக்கம் என்பது வடபக்கம். அங்கே காற்று கடலிலிருந்து கரை நோக்கி அடித்து நீரை ஊருக்குள் தள்ளும். தென்பக்கம் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். எனவே கடலோரக் குப்பத்தில் இருப்பவருக்கு 8ஐவிட 9 பயங்கரம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

இனி சாத்தனூர். இதில் உங்கள் இரண்டு கட்சிக்கும் ஒரே கணக்கைத் தருகிறேன். ஒரு கன அடி ஏறக்குறைய 28.3 லிட்டர். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் அணையைப் பற்றிப் பேப்பரில் வரும் எதையும் சரிபார்த்துவிடலாம்.

சாத்தனூரின் முழுக் கொள்ளளவு சுமார் 7.3 டி.எம்.சி., உயரம் 119 அடி. 2024 டிசம்பர் 2 அதிகாலை அங்கிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. அந்த வேகம் ஒரு நாளைக்கு 14.5 டி.எம்.சி. வரவும் ஏறக்குறைய அதே அளவு என்று வைத்துக்கொண்டால், அணை சுத்தமாகக் காலியாக இருந்திருந்தாலும் 12 மணி நேரத்தில் நிரம்பியிருக்கும். மேலே கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் மட்டும் 50 செ.மீ. பெய்திருந்தது. அப்படிப்பட்ட வரத்தை நிறுத்தி வைக்க முடியாது. நிறுத்தப் பார்த்தால் அணைக்கே ஆபத்து, அணை உடைந்தால் வரும் வெள்ளம் இதைவிடப் பல மடங்கு.

இதோடு பேச்சு முடிந்தது என்று ஆளுங்கட்சிக்காரர் எழுந்துவிடக் கூடாது. கேட்க வேண்டிய கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. முந்தைய மூன்று நாட்களில் மணிக்கு மணி அணையின் மட்டம் என்ன, வரத்து என்ன, வெளியேற்றம் என்ன? மழை எச்சரிக்கை வந்த நேரத்தில் எத்தனை அடி காலி வைத்திருந்தார்கள்? வெள்ள எச்சரிக்கை எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வந்தது, தண்டோராவா, குறுஞ்செய்தியா, ஆள் வந்து சொன்னாரா? 2015 டிசம்பரில் சென்னையை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி போனபோதும் சர்ச்சை இதே இடத்தில்தான் நின்றது. “வேண்டுமென்றே” என்பது ஒருவரின் மனதைப் பற்றிய பேச்சு, அதை நிரூபிக்கவே முடியாது. மட்டமும் நேரமும் பதிவேட்டில் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டு நீர்வளத் துறையிடம் வாங்கலாம். உங்கள் ஆறு பேரில் ஒருவர் போட்டால் எத்தனையோ காலைச் சண்டை மிச்சம்.

வெளிநாட்டுச் சதி வீடியோவுக்கு வருகிறேன். அதைக் காட்டும் நண்பரைக் கேலி செய்யாதீர்கள். அவர் நினைப்புக்கு ஒரு வேர் உண்டு. வியட்நாம் போரில் 1967 முதல் 1972 வரை அமெரிக்கா, வட வியட்நாம் படைக்குத் தளவாடம் போன ஹோ சி மின் பாதையின் மேல் மேகங்களில் ரசாயனம் தூவி, மழையை நீட்டித்துச் சேறாக்கப் பார்த்தது. ‘பாப்பாய்’ என்பது அந்த ரகசியத் திட்டத்தின் பெயர். அது வெளியே வந்த பிறகுதான், சுற்றுச்சூழலை மாற்றி ஆயுதமாகப் பயன்படுத்தக் கூடாது என்ற உடன்படிக்கையை 1976இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றது, 1978இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் அதில் சேர்ந்தது.

ஆனால் தூவுகிறவன் புதிதாக மேகத்தை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே ஈரத்தோடு நிற்கும் மேகத்திலிருந்து கொஞ்சம் கூடுதலாகப் பிழியப் பார்க்கிறான், அவ்வளவே. 2025 அக்டோபர் 28 அன்று டெல்லியில் விமானம் வைத்துத் தூவினார்கள். மேகத்தில் ஈரம் போதாததால் சொல்லும்படி மழை இல்லை. 2024 ஏப்ரலில் துபாய் மூழ்கியபோது செயற்கை மழைதான் காரணம் என்று பரவியது. அந்த மழை பெரிய புயல் அமைப்பு ஒன்றால் வந்தது, பக்கத்து ஓமனிலும் கொட்டியது, பல நாள் முன்பே கணிக்கப்பட்டிருந்தது.

அமெரிக்காவின் அலாஸ்காவில் உள்ள ‘ஹார்ப்’ ஆய்வு நிலையம் வானொலி அலைகளை அனுப்பி மழையையும் புயலையும் உண்டாக்குகிறது என்ற வீடியோ என்றால் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கி.மீ. அதன் மேல் 10 செ.மீ. மழை என்றால் 4.26 கோடி டன் தண்ணீர். ஒரு கிலோ நீராவி நீராகும்போது சுமார் 25 லட்சம் ஜூல் வெப்பம் வெளிப்படும். மொத்தத்தையும் மின்சார யூனிட்டாக மாற்றினால் ஏறக்குறைய 2,950 கோடி யூனிட் வருகிறது. ஹார்ப் நிலையத்தின் ஒலிபரப்புத் திறன் 3.6 மெகாவாட், அதாவது மணிக்கு 3,600 யூனிட். ஒரே ஒரு நகரத்தின் ஒரு நாள் மழையில் புரளும் ஆற்றலை அது தர வேண்டுமானால் 900 ஆண்டுகளுக்கு மேல் இடைவிடாமல் ஓட வேண்டும். அது வேலை செய்வதும் 60 கி.மீ.க்கும் மேலே உள்ள அயனி மண்டலத்தில். நம் மழை மேகங்களின் உச்சியே 16, 18 கி.மீ.யில் முடிந்துவிடும்.

பாதுகாப்பு என்று உண்மையிலேயே கவலைப்பட்டால், தகவல் பகிர்வைப் பற்றிப் பேசுங்கள். 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பின் சிந்து நதி ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்திவைத்தது. அப்படியிருந்தும் ஆகஸ்டில் ஜம்முவின் தாவி ஆற்றில் வெள்ளம் வரும் என்று தூதரகம் வழியாகப் பாகிஸ்தானுக்கு எச்சரிக்கை போனது. பகை நாடுகளுக்கு இடையிலும் ஆற்றின் மட்டத்தைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

யாகத்தைப் பற்றி. நம்பிக்கையை அளக்கும் கருவி வானிலையியலில் இல்லை, அது எங்கள் வேலையும் இல்லை. வறட்சியில் கோயிலில் வருண ஜெபம் நடக்கிறது, பள்ளிவாசலில் மழைத் தொழுகை நடக்கிறது, தேவாலயத்தில் மழைக்காக மன்றாடுகிறார்கள், கிராமத்தில் கொடும்பாவி கட்டி இழுக்கிறார்கள். தண்ணீரில்லாத துயரத்தை ஊர் சேர்ந்து சொல்கிற வழி இவை. இதில் யாரையும் மட்டம் தட்ட வேண்டியதில்லை.

“எங்கள் யாகத்தால்தான் பெய்தது” என்று சொல்லும்போது மட்டும் அது சோதிக்கக்கூடிய பேச்சாகிவிடுகிறது. அப்போது இரண்டைக் கேட்கலாம். யாகம் நடக்காத பக்கத்து மாவட்டத்தில் அதே வாரம் எவ்வளவு பெய்தது? யாகம் நடந்தும் பெய்யாத ஆண்டுகள் எத்தனை? வறட்சி வேண்டுதல்கள் பெரும்பாலும் கோடையின் கடைசியில் நடக்கும். ஜூன், ஜூலையில் உள்மாவட்டங்களில் சாயங்கால இடிமழை எப்படியும் வரும். தமிழ்நாட்டுக்குத் தென்மேற்குப் பருவத்திலேயே சராசரி 33 செ.மீ. கிடைக்கிறது, வடகிழக்கில் 44. வேண்டுதலுக்குப் பின் பத்து நாளுக்குள் ஏதோ ஒரு மழை விழுவது ஆச்சரியம் இல்லை.

இந்த ஆண்டு இத்தனை மரக்கால் மழை என்று பஞ்சாங்கம் சொல்லும் கணக்கும் இப்படித்தான். எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை மி.மீ. என்று இல்லாத கணிப்பு தோற்கவே தோற்காது, ஜெயிக்கவும் ஜெயிக்காது. மார்கழி மேகத்தை வைத்து அடுத்த ஆண்டு மழையைக் கணிக்கும் கர்ப்போட்டம் பார்க்கிறவர் உங்களில் யாராவது இருந்தால் எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு, ஏனென்றால் அவர் வானத்தைத் தினம் பார்த்துக் குறித்து வைக்கிறார். குறித்ததை அடுத்த ஆண்டு மழையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வானிலை மையத்தின் கணிப்பையும் அதே நோட்டில் அதே கண்டிப்போடு எழுதுங்கள்.

இப்போது எழுந்து போன நண்பர். “அவங்க செஞ்ச பாவம்” என்ற பேச்சுக்கு வானிலைப் பதிலும் உண்டு. 2023 டிசம்பர் 18 காலைக் கணக்கில் முஸ்லிம்கள் நிறைந்த காயல்பட்டினத்தில் 95 செ.மீ.; சில கி.மீ. தள்ளி முருகன் கோயில் உள்ள திருச்செந்தூரில் 69. நவ திருப்பதிகளில் ஒன்றான ஸ்ரீவைகுண்டத்தில் 62. குமரிக்கடல் பக்கம் நின்ற காற்றுச் சுழற்சியும், அதை நோக்கிக் கிழக்கிலிருந்து வந்த ஈரக்காற்றும் சேர்ந்து கொடுத்த மழை அது. யார் வீட்டில் யார் தொழுதார்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

ஆனால் இந்தப் புள்ளிவிவரத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகாதீர்கள். அவருக்கு வேண்டியது விளக்கம் இல்லை. அந்த வார்த்தையைச் சொன்னவர் போக வேண்டும். கூட்டமாகப் போனால் அது பஞ்சாயத்து ஆகிவிடும். அவரோடு ஒருவர் மட்டும் துணைக்குப் போகலாம். “பாய், அன்னிக்கு நான் சொன்னது தப்பு, காலைல வாங்க” என்பதற்கு மேல் எதுவும் பேச வேண்டாம். “நான் உங்களைச் சொல்லலை” என்று ஆரம்பித்தால் காயம் இன்னொரு தடவை திறக்கும், ஏனென்றால் அவர் ஆட்களைச் சொன்னீர்கள் என்பது அவருக்குத் தெரியும். மற்ற நால்வருக்கும் பங்கு உண்டு. அந்தப் பேச்சு வந்த நிமிடம் ஒருவராவது “அதை விடுப்பா, அது நல்லால்ல” என்று சொல்லியிருந்தால் அவர் எழுந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இனி அப்படி வந்தால் அந்த ஒரு வாக்கியத்தை யார் சொல்வது என்று இப்போதே உங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மழைப் பேச்சுக்கு ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டால் போதும்: ஊர், 24 மணி நேரம், மி.மீ. மூன்றும் இல்லாமல் “பெஞ்சுது”, “பெய்யல” என்று யாரும் பேசக் கூடாது. ரேடார் படம் காட்டினால் முதலில் அதன் மேல் உள்ள தேதியையும் நேரத்தையும் படியுங்கள். உலகப் பொது நேரத்தில் போட்டிருக்கும், அதோடு ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம். சுற்றிவரும் படங்களில் பல, போன வருடப் படம். உங்கள் பகுதிக்குக் காரைக்கால் ரேடாரைப் பாருங்கள். எச்சரிக்கைக்கு ‘டிஎன் அலர்ட்’, ‘மௌசம்’ செயலிகள், இடிமின்னலுக்கு ‘தாமினி’. அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070.

அளவுக்கு ஒரு மழைமானியும் செய்துகொள்ளுங்கள். வாளி உதவாது, வாய் அகலம், அடி குறுகல், எனவே உயரம் கூடுதலாகக் காட்டும். 110 மி.மீ. பி.வி.சி. குழாய் 45 செ.மீ. நீளம் வாங்கி, ஒரு முனையில் மூடியைச் சால்வென்ட் போட்டு ஒட்டுங்கள். ஒழுகுகிறதா என்று ஒரு இரவு தண்ணீர் ஊற்றி வைத்துப் பாருங்கள். மூடியின் அடி தட்டையாக இருக்காது என்பதால் ஸ்கேல் விட்டுப் பார்ப்பதைவிட மருந்துக்கடை அளவுக் குடுவையில் ஊற்றி அளப்பது சரி. குழாயின் உள் விட்டம் 10.4 செ.மீ. இருந்தால் 85 மி.லி. தண்ணீர் ஒரு செ.மீ. மழை, விட்டம் வேறானால் கணக்கும் மாறும், வாங்கியதும் அளந்துகொள்ளுங்கள். சுவர், மரம் எதுவானாலும் அதன் உயரத்தைப் போல இரு மடங்கு தள்ளித் திறந்த வெளியில், குழாயின் அடியை அரை அடிக் குழியில் இறக்கி, வாய் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் நேராக நிற்கும்படி செங்கல் அணைத்து வையுங்கள். தாழ்வாக வைத்தால் தரையில் விழுந்து தெறிக்கும் நீரும் உள்ளே வரும். மாடியில் வைத்தால் காற்று அடித்துக் குறைத்துக் காட்டும். ஓட்டு ஓரமோ கைப்பிடிச் சுவர் ஓரமோ கூடாது.

காலை 8.30க்கு அளந்து, நோட்டில் தேதி போட்டு எழுதி, குழாயைக் கவிழ்த்துவிட வேண்டும். மழை இல்லாத நாளுக்குச் சுழி எழுத மறக்கக் கூடாது. விட்ட நாளும் மழையில்லாத நாளும் பிறகு ஒன்றுபோலத் தெரியும். பக்கத்திலேயே முந்தைய நாள் வானிலை மையம் கடலூருக்குச் சொன்ன வரியையும் அப்படியே எழுதுங்கள். அளக்கும் வேலையை ஆறு பேரும் வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். அதற்கு ஒரு மாதம் முன்பே குழாயை நட்டுவிட்டால், வெயில் நாட்களிலேயே கை பழகிவிடும்.